ஒரு ரூபாய் டிக்கெட்

கே: நாலு பக்கமும் பெரிய கம்பெனிகள். ஒரு குட்டி விமான கம்பெனி தனியாகப் பிழைக்க முடியுமா?

முடியும், பெரிய இடத்திலிருந்து பெண் கேட்டு வரும்வரை! 2003-ல் பெங்களூர்–ஹூப்ளி என்று கிளம்பிய ஏர் டெக்கான், ஒரு ரூபாய்க்குக்கூட டிக்கெட் விற்றது. 2007-ல் கிங்ஃபிஷர் வந்து 26 சதவீதப் பங்கை வாங்கியது. பெண்ணின் அழகைப் பார்த்தா? வயதைப் பார்த்து! உள்நாட்டில் ஐந்து வருஷம் ஓட்டியிருக்க வேண்டும், 20 விமானம் இருக்க வேண்டும். அப்போதுதான் வெளிநாட்டுக்குப் பறக்கலாம் என்பது அன்றைய விதி. கிங்ஃபிஷர் பிறந்ததே 2005-ல். டெக்கானின் வயதைக் கணக்குக் காட்டி 2008-லேயே லண்டன் போய் இறங்கிவிட்டது. 2012-ல் இறங்கியதுதான், அப்புறம் ஏறவே இல்லை.

கே: சம்பந்தமே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தால்?

மதுரைக்காரர்களின் பாரமவுண்ட் ஞாபகம் இருக்கிறதா? 2005-ல் எல்லா சீட்டும் பிசினஸ் கிளாஸ் என்று அமர்க்களமாக வந்தது. யாரோடும் சேரவில்லை. விமானங்களோ குத்தகை. குத்தகைக்காரர்களோடு தகராறு முற்றி, 2010-ல் கடையைச் சாத்தியது.

கே: சின்ன ஊருக்குச் சின்ன விமானம். அதிலாவது போட்டி இருக்காதே?

இருக்காது என்றுதான் நினைத்தார்கள். 2017-ல் இண்டிகோவும் எழுபத்துச் சொச்சம் சீட்டு ஏ.டி.ஆர். விமானம் வாங்கிவிட்டது! சின்ன ஊர்களுக்குப் பறக்க அரசு தரும் உதான் மானியமும் ஒரு தடத்துக்கு மூன்றே வருஷம். நாலாவது வருஷம் சேலத்து விமானத்துக்கு டிக்கெட் எடுக்க நீங்கள் ரெடியா, இல்லை ஏற்காடு எக்ஸ்பிரஸா?