காப்புக் கயிறு கறுத்த கதை

டுபாய்
2024 நவம்பர் 18

அன்புத் தம்பிக்கு,

இதை முதலில் நீ தனியாக வாசி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது பென்சிலால் கோடு போட்ட இடங்களைத் தாண்டிப் போய்விடு. கோடு போட்டு முடித்த பிறகுதான் பார்த்தேன், கிட்டத்தட்ட "நான் நலம்" மட்டும்தான் மிஞ்சுகிறது. பரவாயில்லை, அதையே மூன்று தடவை மெதுவாக வாசி.

விஷயம் என்னவென்றால், நேற்று உன் அண்ணன் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் முங்கி, முக்கால் மணி நேரம் போட்டோ பிடித்தான்.

சிரிக்காதே. நம் பரம்பரை கடலோடு வைத்திருந்த உறவு, பாட்டன் பூட்டன் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைப் பக்கம் காட்டு வழியே நடக்கத் தொடங்கிய அன்றோடு முடிந்துபோனது. அம்மா ஒரே ஒரு தடவை காலிமுகத்திடலில் கணுக்கால் வரை நனைத்துவிட்டு, "போதும், உப்பு" என்று திரும்பி வந்தவர். நமக்குத் தண்ணீர் என்றால் மலையில் விழும் பீலித் தண்ணீர். அப்படிப்பட்ட வம்சத்திலிருந்து ஒருவன் கிளம்பினால் ஆயத்தம் வேண்டாமா? நான் செய்த ஒரே ஆயத்தம், போன வருசம் ரோதைமுனி கோவிலில் அம்மா மந்திரித்துக் கட்டிய சிவப்புக் கயிற்றை ஒருமுறை இறுக்கிக் கொண்டதுதான்.

கூட வந்தவர்கள் அறைக்காரர்கள். ஒருவர் ராமநாதபுரத்து அண்ணன். வழி நெடுக, "எங்க கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கிறவங்க மூச்சைப் புடிச்சே போவாங்க, இதெல்லாம் என்ன பெரிய விஷயம்" என்று அளந்துகொண்டே வந்தார். இன்னொருவன் மட்டக்களப்பான். 1942இல் ஜப்பான்காரன் குண்டு போட்டு மூழ்கடித்த ஹெர்மிஸ் கப்பல் தன் வீட்டு முற்றத்தில் கிடப்பது போலத்தான் எப்போதும் பேசுவான். டுபாயிலிருந்து கிழக்கே ஹஜர் மலையைத் தாண்டிப் புஜைரா. எவ்வளவு மலை தெரியுமா, ஒரு செடி கிடையாது! இத்தனை மலையும் தேயிலை இல்லாமல் சும்மா கிடக்கிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் காலத்துத் துரைமார் கண்ணில் எப்படித்தான் படாமல் போனதோ.

அல் அக்கா கரைக்கு எதிரே ஸ்னூப்பித் தீவு என்று ஒரு பாறை. கார்ட்டூன் நாய் மல்லாந்து படுத்திருப்பது போல இருக்கிறதாம். அதைச் சுற்றித்தான் முங்குவது.

முதலில் நம் தோட்டத்துப் பிரட்டு மாதிரி ஆள் கணக்கு. எங்களை முங்க வைக்கும் கங்காணி ஒரு பிலிப்பைன்ஸ்காரர். வரிசையில் நிறுத்தி, இருதயம் எப்படி, ஆஸ்துமா உண்டா என்று கேட்டுக் கையெழுத்து வாங்கினார். பிறகு நிறுவை. கொழுந்து நிறுக்கத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன், இங்கே ஆளை நிறுத்தார்கள். எடைக்குத் தக்கபடி இடுப்பில் ஈயக்கட்டி. ரப்பர் சட்டை போட்டால் மனிதன் மிதப்பானாம், ஈயம் கட்டினால்தான் கீழே போவானாம். கடலில் காலை வைத்தாலே ஆள் மூழ்கிவிடுவான் என்று அம்மா சொல்வதற்கு இது நேர் எதிர். (இதற்குக் கோடு போடவில்லை, வாசி.) சிலிண்டரில் இருப்பது ஒட்சிசன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சும்மா காற்றுதானாம், 200 பார் அழுத்தத்தில் அடைத்தது. கட்டணம் எவ்வளவு என்று அம்மா கேட்டால், கம்பெனிக் கணக்கு என்று சொல்.

பத்து மீற்றர் இறங்கினால் மேலே இருக்கும் அழுத்தம் இரண்டு மடங்காகும், காது அடைக்கும், மூக்கைப் பிடித்து ஊது என்றார்கள். மற்றவர்கள் திணறினார்கள். எனக்கென்ன? அட்டன் பஸ்ஸில் கினிகத்தேனை இறக்கத்தில் எத்தனை வருசப் பயிற்சி!

கீழே ஆறேழு மீற்றர்தான். தண்ணீர் பீலியைவிடச் சூடு. ஆனால் கலங்கல், நம் ஊர் ஜூலை மாதத்து மிஸ்ட் மாதிரி, முன்னால் போகிறவரின் கால் மட்டும் தெரியும். வாடகைக்கு எடுத்த கோப்ரோ கமெராவோடு டோர்ச்சும் இருந்ததால், அடித்துப் படம் எடுத்தேன். படம் முழுக்க வெள்ளைப் புள்ளி. மிஸ்ட்டுக்குள் வேன்காரர் ஹெட்லைட்டைப் பெரிதாகப் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் எழும்புமே, அதே கதைதான். தண்ணீரில் மிதக்கும் தூசெல்லாம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. விளக்கைப் பக்கவாட்டில் தள்ளிப் பிடித்து, பொருளுக்குக் கிட்டப் போய் எடு என்று கங்காணி சைகை காட்டினார்.

அப்போதுதான் என் மணிக்கட்டைப் பார்த்தேன். கயிறு கறுத்துக் கிடந்தது.

தம்பி, நான் பயந்தது சுறாவுக்கு அல்ல. முனிக்குக் கோபம் வந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். வாயில் குழாய் இருக்கிறது, ஒரு வேண்டுதல்கூட ஒழுங்காகச் சொல்ல முடியாது. கங்காணியின் தோளைத் தட்டிக் கயிற்றைக் காட்டினேன். அவர் நிதானமாக டோர்ச்சைக் கிட்டப் பிடித்தார். பளிச்சென்று குங்குமச் சிவப்பு. அணைத்தார், மறுபடி கறுப்பு. தண்ணீர் வெளிச்சத்தில் சிவப்பைத்தான் முதலில் குடித்துவிடுமாம், ஆழம் போகப் போக நீலமும் பச்சையும்தான் மிஞ்சுமாம். மேலே வந்த பிறகுதான் இதையெல்லாம் சொன்னார். கீழே இருந்தபோது நான் பத்துத் தடவை டோர்ச்சைப் போட்டு அணைத்துப் பார்த்துக்கொண்டேன். அந்த மும்முரத்தில் பக்கத்தில் ஒரு ஆமை வந்து புல்லைக் கடித்துக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. கவனித்ததும் சந்தோசத்தில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். முங்குகிறவர்கள் பாசையில் அதற்கு "மேலே போவோம்" என்று அர்த்தமாம். பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆமையின் வால் பக்கம்தான் படத்தில் கிடைத்தது.

கரையில் ராமநாதபுரத்து அண்ணன் ஏற்கெனவே துவாயோடு உட்கார்ந்திருந்தார். மூச்சு பிடிக்கும் பரம்பரை, இருபத்தைந்தே நிமிசத்தில் சிலிண்டரைக் காலி பண்ணிவிட்டது.

பிளேன்டீ குடிக்கையில் மட்டக்களப்பான் ஆதர் சி. கிளார்க் கதையை எடுத்தான். விண்வெளிக் கதை எழுதினாரே, அந்த வெள்ளைக்காரர்தான். 1956இல் மைக் வில்சன் என்ற கூட்டாளியோடு நம் நாட்டுக்கு வந்ததே கடலுக்குள் முங்கத்தான். திருகோணமலையில், போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோவிலின் தூண்களைக் கடலுக்கடியில் பார்த்தவர்கள் அவர்கள். ஊருக்கு வந்தால் அங்கே முங்குவோம் என்று அப்போதே பேசிவிட்டோம். நம் ஆக்ரா ஓயாத் தண்ணீர் கொத்மலை ஓயாவாகி, மகாவலியாகி, அந்தத் திருகோணமலைக் கொட்டியாரக்குடாவில்தானே விழுகிறது. அது போகிற இடத்துக்கு நான் போகக் கூடாதா?

ஒரு சிக்கல். முங்கிவிட்டு அன்றே மலை ஏறக்கூடாதாம். உடம்பில் கரைந்த நைதரசன், சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி குமிழி கட்டிவிடும். விமானம் ஏறவே 12 மணி நேரமாவது பொறுக்க வேண்டும், நாலாயிரம் அடிக்கு மேலே இருக்கும் அக்கரப்பத்தனைக்கும் அதே சட்டம். ஆகவே திருகோணமலையில் ஒரு ராத்திரி தங்க வேண்டும். அந்த ராத்திரிக்கு அம்மாவிடம் சொல்ல ஒரு காரணத்தை இப்போதே யோசித்து வை.

படங்கள் அனுப்புகிறேன். ஆமை வால் படத்தை அம்மாவுக்குக் காட்டு, ஓரத்தில் பேய் மாதிரித் தெரிவது என் விரல்தான். கறுத்த கயிற்றுப் படத்தை மட்டும் காட்டாதே.

இன்னொன்று. ரப்பர் சட்டையைக் கழற்ற இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள் என்று சொல்ல மறந்துவிட்டேன். அதோடு கயிறும் உருவிக்கொண்டு போய்விட்டது. வெள்ளிக்கிழமை ரோதைமுனி கோவிலுக்குப் போய், அம்மாவுக்குத் தெரியாமல், அதே மாதிரி சிவப்பில் ஒன்று வாங்கிக் கொஞ்சம் பழசாக்கி அனுப்பு.

அன்புடன்
அண்ணன்