கோபத்துக்கு ஏழு நாள் கெடு

கொடைக்கானலில் மழை பெய்தால் யாருக்கு மகிழ்ச்சி? தமிழ்ச் செய்தி பார்க்கிற எந்தக் குழந்தையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்: சுற்றுலாப் பயணிகளுக்கு. வெயில் அடித்தால்? அவர்களுக்குத்தான். பனி இறங்கி எதிரே வரும் பஸ்ஸே தெரியாமல் போனால்? இதமான சூழல், பயணிகள் குதூகலம். மன்னவனூரில் கேரட் மண்ணுக்குள்ளேயே அழுகிப் போனாலும், பூம்பாறையில் காயப்போட்ட பூண்டு நனைந்து நாசமானாலும் அதற்காக எந்தப் பயணியும் வருந்தியதாகத் தகவல் இல்லை. எனவே செய்தியும் இல்லை. இந்த மலையில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்பது இன்னும் உறுதிப்படுத்தப்படாத தகவல்.

எங்கள் ஊர்ப் பூவுக்கும் இதே கதிதான். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, இனி 2030. இந்தக் கணக்கைப் பூ தவறவிடுவதில்லை. ஆனால் ஏறக்குறைய வருடாவருடம் ஏதாவது ஒரு மூலையில் "12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் அபூர்வக் குறிஞ்சி பூத்தது" என்று படத்தோடு வந்துவிடும். குறிஞ்சியில் பல இனங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணக்கு. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு போன் போதும். போன் செய்தால் செய்தி செத்துவிடுமே! பூ பாவம், மறுப்பு எழுதத் தெரியாது. நமக்கு எழுதத் தெரியும் என்கிறீர்களா? அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெருப் பையன்கள் நாலு பேர் மூஞ்சிக்கல் பக்கம் டீக்கடையில் நின்றிருந்தார்கள். வடுகப்பட்டி சந்தைக்குப் பூண்டு ஏற்றிப்போகும் வண்டிக்காகக் காத்திருந்த நேரம். ஒரு கார் வந்தது, கேமரா இறங்கியது, பத்து நிமிஷத்தில் ஏறிப் போய்விட்டது. சாயங்காலம் டிவியில் அதே நாலு பேர். பின்னால் திகில் இசை. ஒருவன் கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே எழுத்து: "கொடைக்கானலில் போதைக் காளான் கும்பல்?" வட்டத்துக்குள் இருந்தது பன். டீயில் நனைத்துத் தின்கிற, சர்க்கரை தூவிய பன்.

காளான் விற்கிறவர்கள் இங்கே இல்லையா என்று கேட்காதீர்கள். இருக்கிறார்கள். போலீஸ் பிடிக்கட்டும், பிடித்தவனைப் படம் எடுத்துப் போடட்டும். அதற்குக் கொஞ்சம் அலைய வேண்டும், மலை ஏற வேண்டும், மூச்சு வாங்கும். டீக்கடை ரோட்டோரமாகவே இருக்கிறது.

அந்தக் கேள்விக்குறியைக் கவனித்தீர்களா? தமிழ்ச் செய்தி உலகின் ஆகப் பெரிய கண்டுபிடிப்பு அதுதான். அதைப் போட்டுவிட்டால் யாரையும் எதுவும் சொல்லலாம். சொல்லவில்லையே, கேட்கத்தானே செய்தோம்! இந்தச் செய்தியைத் தயாரித்தவர் இரவு நேரத்தில் கோழி திருடுகிறவரா? நானும் கேட்கத்தான் செய்கிறேன்.

பன் தின்றவனுக்கு வத்தலக்குண்டில் பெண் பார்த்திருந்தார்கள். அதன்பிறகு பெண் வீட்டார் போனை எடுக்கவில்லை. அவன் அம்மா என் வீட்டுக்கு வந்து, "அண்ணே, டிவிக்காரங்க மேல எங்க போயி சொல்றது?" என்று கேட்டது. தங்கச்சி கேட்டதே என்று விதிகளையெல்லாம் தேடிப் படித்தேன். ராத்திரி முழுக்கத் தூக்கம் போனது. விதி இல்லாமல் அல்ல. அவ்வளவு விதி இருக்கிறது!

செய்திச் சேனல்கள் தாங்களே அமைத்துக்கொண்ட ஒரு தரக்கட்டுப்பாட்டு ஆணையம் உண்டு. 2008இல் தொடங்கியது; முதல் தலைவர் முன்னாள் தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா. ஒளிபரப்பான 7 நாளுக்குள் முதலில் அந்தச் சேனலுக்கே எழுத வேண்டும். திருடன் வீட்டுக் கதவைத் தட்டி, ஐயா என் பொருளைத் தாருங்கள் என்று கேட்பது முதல் படி. பதில் சரியில்லை என்றால் 14 நாளுக்குள் ஆணையத்துக்குப் போகலாம். சேனல் அங்கே உறுப்பினராக இருந்தால்! குற்றம் உறுதியானால் அபராதம் உண்டு, அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே, இந்தத் தொகை யாரைத் தடுக்கும் என்ற பொருளில் கேட்டது. நான் அவ்வளவு நாசூக்காகக் கேட்க மாட்டேன். ஒரு பையனின் கல்யாணத்துக்கு உச்சவரம்பு விலை வைத்திருக்கிறீர்கள், அதுவும் அவன் கைக்கு வராத விலை.

இது போதாதென்று 2021 ஜூனில் மத்திய அரசு கேபிள் டிவி விதிகளைத் திருத்தி மூன்று மாடி கட்டியது. சேனலுக்கு 15 நாள், அதற்கு மேலே சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு 60 நாள், அதற்கும் மேலே அரசு. நாம் அடுத்த மாடிக்கு ஏறுவதற்குள் சேனல் நூறு கேள்விக்குறி போட்டு முடித்திருக்கும். யூடியூப்காரர்களைப் பற்றிக் கேட்காதீர்கள். மைக் வாங்க 500 ரூபாய் இருந்தால் அவரே நிருபர், அவரே ஆசிரியர், அவரே ஆணையம்.

பத்திரிகை என்றால் கதை வேறு. டெல்லியில் இந்தியப் பத்திரிகை மன்றம் இருக்கிறது. 1966இல் பிறந்தது. நெருக்கடி நிலையில் கலைத்தார்கள், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் மறுபடி உயிர் வந்தது. ஒரு தலைவர், 28 உறுப்பினர்கள். முதலில் ஆசிரியருக்கு எழுதி அந்தக் கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ள வேண்டும். நாளிதழோ வார இதழோ என்றால் 2 மாதத்துக்குள், மற்றவை என்றால் 4 மாதத்துக்குள் மன்றத்துக்கு அனுப்ப வேண்டும். இதே விஷயமாகக் கோர்ட்டில் வழக்கு எதுவும் இல்லை என்று உறுதிமொழி தர வேண்டும். செய்தியின் நறுக்கை இணைக்க வேண்டும். தமிழ்ச் செய்தி என்றால் கூடவே ஆங்கில மொழிபெயர்ப்பு.

இந்தக் கடைசி வரியில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. கிழவரையில் உருளைக்கிழங்கு போடுகிற ஒருவரைத் தமிழ்ப் பத்திரிகை தமிழில் அவமானப்படுத்தும். அவர் அதை இங்கிலீஷில் பெயர்த்துக் கொடுத்தால்தான் அது அவமானம் ஆகும். பெயர்த்தும் கொடுத்தார் என்று வையுங்கள். டெல்லி விசாரித்து, பத்திரிகை செய்தது தப்பு என்றும் சொல்லிவிட்டது. பிறகு? எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், கடிந்துகொள்ளலாம். சட்டத்தின் 14ஆம் பிரிவு அதோடு நின்றுவிடுகிறது. அபராதம் கிடையாது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் காதைத் திருகவாவது செய்வார்.

திட்டுவதற்கே அந்த மன்றம் எவ்வளவு தயங்கும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. காசு வாங்கிக்கொண்டு செய்தி போடுவதைப் பற்றி விசாரிக்க அதுவே ஒரு துணைக்குழு அமைத்தது. பரஞ்ஜோய் குஹா தாகுர்த்தாவும் கே. ஸ்ரீனிவாச ரெட்டியும் 71 பக்க அறிக்கை எழுதினார்கள், பத்திரிகைகளின் பெயரைச் சொல்லி. 2010 ஜூலையில் மன்றம் வெளியிட்டதோ பெயர்களெல்லாம் உதிர்ந்த சுருக்கத்தை. முழு அறிக்கை வெளியே வர 2011இல் மத்தியத் தகவல் ஆணையத்தின் உத்தரவு தேவைப்பட்டது. பத்திரிகைகளைக் கண்காணிக்கிற மன்றத்தின் மீது தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட வேண்டியிருந்தது என்றால், பன் தின்ற பையன் எந்த மூலைக்கு?

வந்த செய்தியைப் பற்றியாவது புகார் எழுதலாம். வராத செய்திக்கு? அதற்கும் விதி இடம் கொடுக்கிறது என்று கண்டு ஆச்சரியப்பட்டேன். வெளியிடாததைக் குறித்தும் மன்றத்தில் முறையிடலாம். ஒரே நிபந்தனை: வெளியிடப்படாத அந்த விஷயத்தின் நகலை இணைக்க வேண்டும்.

கொடைக்கானல்காரனுக்கு இது சிரிப்பு வராத நகைச்சுவை. 1980களில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனிலிருந்து ஒரு தெர்மாமீட்டர் ஆலை இங்கே வந்தது. பிறகு ஹிந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. உள்ளே பாதரசம். வெளியே பள்ளத்தாக்கின் சோலைக்காடு. ஆலை ஓடிய காலமெல்லாம் இந்த ஊரைப் பற்றிய செய்திக்குப் பஞ்சமா? ஏரியில் படகு, கோடை விழா, மலர்க் கண்காட்சி. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் கிடப்பதை 2001 மார்ச்சில் ஊர்க்காரர்களும் சூழல் அமைப்புகளும் காட்டிக்கொடுத்த பிறகுதான் அது நாடு பேசிய செய்தியானது. அந்த மாதமே ஆலை மூடியது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்கா போனது. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கான உடன்பாடு வந்தது 2016 மார்ச்சில். அதற்கு முந்தைய வருடம் சோபியா அஷ்ரப் ஒரு ராப் பாட்டுப் பாடித்தான் உலகம் மறுபடி திரும்பிப் பார்த்தது. விதிப்படி பார்த்தால் ஆலைத் தொழிலாளி என்ன செய்திருக்க வேண்டும்? தன் உடம்பு நோவதைத் தானே செய்தியாக எழுதி ஆசிரியருக்கு அனுப்பி, அது குப்பைக்கூடைக்குப் போனது உறுதியான பிறகு, நகலை இங்கிலீஷில் பெயர்த்து டெல்லிக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். 2006இல் தி இந்து நாளிதழ் வாசகர்களின் புகாரைக் கேட்டு விசாரித்துத் திருத்தம் போடுவதற்கென்றே வாசகர் ஆசிரியர் என்று ஒருவரை நியமித்தது. தவறு ஒத்துக்கொண்டதால் அந்தப் பத்திரிகை இடிந்து விழவில்லை. தமிழ் நாளிதழ்களிடமும் சேனல்களிடமும் நான் கேட்பது அந்த ஒரு நாற்காலியைத்தான். தமிழில் எழுதினால் தமிழில் பதில் சொல்கிற ஆள் ஒருவர். தப்பை எந்தப் பக்கத்தில் போட்டீர்களோ அதே பக்கத்தில் திருத்தம். எந்த நேரத்தில் சிவப்பு வட்டம் போட்டீர்களோ அதே நேரத்தில் மன்னிப்பு. திகில் இசை வேண்டாம்.

பையன்களின் புகாரை அனுப்பினோம். விதியைத் தேடிப் படித்து, எழுதி, தாமதத்துக்கு ஒரு சின்ன மன்னிப்போடு அனுப்பும்போது ஒன்பதாவது நாள். பதில் இல்லை.

அதனால் மலைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை டீக்கடையில் கேமரா இறங்கினால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முதலில் மணி பாருங்கள். சாயங்காலம் திரையைப் போனில் படம் எடுங்கள். சேனல், தேதி, நேரம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். அன்றைக்கு ராத்திரியே அனுப்பிவிடுங்கள். கெடு ஏழு நாள், மழைக்காலத்தில் அதில் மூன்று நாள் நமக்குக் கரண்ட் இருக்காது.