மீனுக்கு மட்டும் பாதாளச் சாக்கடை

சென்னைப் புறநகரில் தனி வீடு கட்டுகிறவர்களுக்கு இப்போது கொல்லையில் ஒரு கோய் மீன் குளம் வேண்டியிருக்கிறது. தெருவில் வடிகால் வந்தபாடில்லை. குளத்துக்கோ தரை முழுக்க நடுவை நோக்கிச் சரிவு, அடியில் 4 அங்குலக் குழாய். மீன் கழிவு மோட்டாரில் அரைபடாமல், தானாக இறங்கி வண்டல் தொட்டியில் படிய வேண்டுமாம். மனிதக் கழிவுக்கு இத்தனை மரியாதை செய்த கொத்தனாரை நான் பார்த்ததில்லை.

பிறகு வடிகட்டி. பிரஷ், ஸ்பாஞ்ச், பிளாஸ்டிக் வளையங்கள். குளத்து நீர் மொத்தமும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இதற்குள் சுற்றி வர வேண்டும்; ராத்திரியும் மோட்டார் ஓடும். ஆனால் நிஜமான வேலைக்காரர்கள் அந்த வளையங்களில் குடியேறும் பாக்டீரியாக்கள். மீன் விடும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்குவது அவைதான். பெருகச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை யார் பொறுப்பது? கிரகப்பிரவேசத்துக்குச் சம்பந்தி வருகிறார், அன்றைக்கே மீன் துள்ளியாக வேண்டும். தண்ணீர் கலங்கியதும் வளையங்களைக் கழற்றி, குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரில் பளபளவென்று கழுவிவிடுகிறார்கள். பாக்டீரியா காலி. மறுபடி முதலிலிருந்து.

2003-இல் அரசு கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்புக் குழியா? இருந்தது. அதன் மேல்தான் குளம்.

ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் கொல்லைக்குள் வரும். மீன்கள் தெருவுக்குப் போகும். பக்கத்துக் காலி மனைப் பையன்கள் இப்போதே தூண்டில் வாங்கிவிட்டார்கள்.