மடித்துப் போட்ட ஓட்டு

1989 நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தலில்தான் எனக்கு முதல் ஓட்டு. வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்த பிறகு வந்த முதல் மக்களவைத் தேர்தல் அது. முதல் நாள் இரவே அம்மா பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கொடுத்து, ஓட்டுச் சீட்டுபோல மடித்துக் காட்டச் சொன்னாள். “முதல்ல நெடுக்க மடி, அப்புறம் குறுக்க மடி. மை பட்டாலும் அதே சின்னத்தோட வரிசையிலதான் படணும். வேற சின்னத்துல ஒட்டுனா குழப்பம்” என்றாள்.

அவளுக்கு இருந்த பெரிய பயம் சீட்டின் நம்பர். சீட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது அடிக்கட்டையில் நம் பட்டியல் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். “நம்பரை வெச்சு யாரு யாருக்குப் போட்டீங்கன்னு கண்டுபிடிச்சிருவோம்” என்று பெரிய வீட்டு ஆட்கள் தெருவில் சொல்லிவிட்டுப் போவார்கள். அடிக்கட்டைகளை உறையிட்டு முத்திரை வைத்துவிடுவார்கள், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பிரிக்க முடியாது என்று அம்மாவைப் போலக் கூலிக்குப் போகிற பெண்களிடம் யாரும் சொல்லவில்லை. அப்படிப் பயந்த அம்மாதான், யாருக்குப் போட்டாள் என்பதைக் கடைசிவரை அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

இன்று வாக்குப்பதிவு இயந்திரத்தில் நீலப் பொத்தானை அழுத்துகிறோம். விவிபேட் கண்ணாடிக்குள் சீட்டு 7 நொடி தெரிந்து, பெட்டிக்குள் விழுகிறது. வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் தவிர அதில் எதுவும் இல்லை. நம்பர் பயம் போயிற்று. செல்போன் பயம் வந்திருக்கிறது. போன தேர்தலில் அண்ணன் மகன் வந்து நின்றான்.

“சித்தப்பா, காசு கொடுத்தவங்க போட்டோ எடுத்துக் காட்டச் சொல்றாங்க.”

“காசைத் திருப்பிக் கொடுத்துடு. போனை வீட்டுல வெச்சுட்டுப் போ. உள்ள போன் கொண்டுபோகக் கூடாதுன்னு சொல்லு, அதுதான் சட்டம்.”

தனி ஆளின் ஓட்டுக்கு இவ்வளவு காவல் இருந்தும், தெருவின் ஓட்டுக்கு இல்லை. முடிவுகள் சாவடி வாரியாக வெளியாகின்றன. எந்தத் தெரு யார் பக்கம் சாய்ந்தது என்பது மறுநாளே தெரிந்துவிடுகிறது. குடிநீர்க் குழாயும் சாலையும் கேட்டுப் போகும்போது அந்தக் கணக்கை எடுத்து நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சீட்டுக் காலத்தில், மிரட்டலுக்கு இடமுள்ள தொகுதிகளில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. இயந்திரத்துக்கும் அதே பாதுகாப்பு வேண்டும் என்று 2008இல் தேர்தல் ஆணையம், பல சாவடி ஓட்டுகளைச் சேர்த்து எண்ணும் ‘டோட்டலைசர்’ கருவியை முன்வைத்தது. 2015இல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. வர வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். பட்டியலில் பெயரையும் சாவடியையும் முன்கூட்டியே பாருங்கள். பூத் சிலிப் மட்டும் போதாது. வாக்காளர் அட்டையோ, ஆணையம் ஏற்கும் வேறோர் அடையாள ஆவணமோ எடுத்து வையுங்கள். யாருக்குப் போட்டோம் என்று சொல்லும்படி நம்மை எவரும் கட்டாயப்படுத்த முடியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94ஆம் பிரிவு நமக்குத் தந்த காப்பு அது. அதை வீட்டிலிருந்தே தொடங்குங்கள்: மனைவியையோ மகளையோ வயதான தாயையோ, “யாருக்குப் போட்டே?” என்று கேட்காதீர்கள்.