லைன் ரெடி, சாவி யார்கிட்ட?

(மாமா: ஏஜி ஆபீசில் தணிக்கை செய்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். அரசாங்கம் எதையும் நடத்தக் கூடாது என்பது அவர் கொள்கை. மாதம் தவறாமல் அரசாங்கப் பென்ஷன் வந்துவிட வேண்டும் என்பது அவர் உரிமை. மாப்பிள்ளை: தனியார் ஐடி கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் அரசாங்கமே நடத்த வேண்டும் என்று நம்புகிறவர். இடம்: மாமாவின் கிராமத்து வீடு. காலம்: நவம்பர். அதாவது, பென்ஷன்காரர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டிய மாதம்.)

மாப்பிள்ளை: என்ன மாமா, காலங்காத்தால போனைப் பார்த்து முறைச்சுக்கிட்டு இருக்கீங்க?

மாமா: முறைக்கலை மாப்பிள்ளை, கண்ணைச் சிமிட்டறேன். ஜீவன் பிரமாண் ஆப்ல சிமிட்டச் சொல்றான். சிமிட்டிச் சிமிட்டி எனக்குக் கண்ணே வலிக்குது, அந்த வட்டம் சுத்தறதை நிறுத்தலை. நான் இருக்கேனா போயிட்டேனான்னு அதுக்கு இன்னும் சந்தேகம் தீரலை.

மாப்பிள்ளை: இதுக்குத்தான் சர்க்காரோட பாரத்நெட் திட்டம் வேணுங்கிறேன். பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் ஃபைபர் வந்தாச்சே!

மாமா: வந்த கதையைக் கேளுங்க. 2011 அக்டோபர்ல அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தப்ப சுமார் 20,000 கோடி. ரெண்டே வருஷத்துல ரெண்டரை லட்சம் பஞ்சாயத்துக்கும் லைன்னாங்க. 2017-ல மொத்தம் 42,068 கோடி ஆச்சு. 2023 ஆகஸ்ட்ல 1,39,579 கோடி. என் சர்வீஸ்ல இப்படி ஒரு எஸ்டிமேட் வந்திருந்தா, ஃபைல் ஓரத்துல குறிப்பு எழுதியே ஒரு புட்டி சிவப்பு மை தீர்ந்திருக்கும்.

மாப்பிள்ளை: முதல்ல அதுக்கு நேஷனல் ஆப்டிகல் ஃபைபர் நெட்வொர்க்னு பேரு. 2015-ல தான் பாரத்நெட்னு மாத்தினாங்க.

மாமா: இழுபறி இல்லாம முடிஞ்ச வேலை அது ஒண்ணுதான். 2020 சுதந்திர தினத்துல செங்கோட்டையில என்ன சொன்னாங்க? ஆயிரம் நாள்ல ஆறு லட்சம் கிராமத்துக்கும் ஃபைபர். அந்த ஆயிரம் நாள் 2023 மே மாசம் முடிஞ்சுது. ஆகஸ்ட்ல புது எஸ்டிமேட் வந்துது.

மாப்பிள்ளை: தணிக்கை பண்ணினவர் நீங்களே மூணு தொகையையும் ஒரே வேலைக்குன்னு சொல்லலாமா? மூணாவதுல, ஒரு பக்கம் கேபிள் அறுந்தா இன்னொரு பக்கமா டேட்டா போற வளைய அமைப்பு இருக்கு. மிச்சக் கிராமங்களுக்குக் கேட்டா லைன் உண்டு. ஒன்றரைக் கோடி வீட்டு இணைப்பு இருக்கு. பத்து வருஷப் பராமரிப்பும் அதுலயே அடக்கம்.

மாமா: ஆக, இழுத்த கேபிளைப் பார்த்துக்க ஆள் வேணும்னு இவ்வளவு அழுத்திச் சொல்லப் பன்னிரண்டு வருஷம் ஆயிருக்கு.

மாப்பிள்ளை: (இருமி) அதை விடுங்க...

மாமா: விட்டுட்டேன். ஜியோவைப் பாருங்க. 2016 செப்டம்பர்ல வந்தான். ஆடு மேய்க்கிற பையன் கையில கூட 4ஜி. அதுக்கு எந்த சர்க்கார் கேபிள் இழுத்தது?

மாப்பிள்ளை: டவருக்கு டேட்டா ஆகாசத்துலேர்ந்தா இறங்குது? நல்ல வேகம் வேணும்னா டவருக்கே ஃபைபர் வேணும். கம்பெனிக்காரன் தலையை எண்ணித்தான் டவர் வைப்பான். அறுபது வீடு இருக்கிற மலைக்கிராமத்துல எதை எண்ணுவான்? கொரோனா சமயத்துல பிள்ளைங்க ஆன்லைன் கிளாசுக்காக மரத்து மேலயும் தண்ணித் தொட்டி மேலயும் ஏறி உட்கார்ந்ததை மறந்துட்டீங்களா?

மாமா: மறக்கலை. ஆனா யார் வீட்டுக் காசு மாப்பிள்ளை இது?

மாப்பிள்ளை: உங்க ரீசார்ஜ் காசுதான் மாமா. கிராமத்துக்குப் போன் வசதி கொடுக்கன்னு சொல்லி, 2002-லேர்ந்து கம்பெனிங்க வருவாய்லேர்ந்து பிடிக்கிறாங்க. இப்ப அது அஞ்சு சதவீதம். யுஎஸ்ஓ ஃபண்டுன்னு பேரு, இப்ப டிஜிட்டல் பாரத் நிதி. கம்பெனி அதை யார் தலையில கட்டும்? வருஷக்கணக்கா வசூலானதுல பெரிய தொகை செலவாகாம கஜானாவுலயே கிடந்துது. மொய்யை வாங்கிட்டுப் பந்தி போடாம இருந்தா, அதுக்குப் பேரு சிக்கனமா?

மாமா: இப்பப் பந்தி போட்டாச்சுங்கிறீங்க. சோத்தை உள்ளே வெச்சுப் பூட்டியிருக்காங்களே! போன வாரம் வீட்டு வரி கட்டப் போனேன். அறை பூட்டிக் கிடக்கு, சாவி செயலர்கிட்ட, செயலர் ஒன்றிய ஆபீஸ்ல. ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். சுவத்துல இரும்புப் பெட்டி, அதுல நூலாம்படை. ஒரே ஒரு விளக்கு, அதுவும் சிவப்பு. யுபிஎஸ் மேல பழைய நோட்டீஸ் கட்டு. வெளியே வந்து கேபிளைப் பிடிச்சுக்கிட்டே போனேன். மூணாவது கரண்ட் கம்பத்துல அறுந்து தொங்குது. யாரோ ஒரு புண்ணியவதி அதை முருங்கை மரத்துல இழுத்துக் கட்டித் துணி காயப் போட்டிருக்கா. ஃபைபரோட பலன் பொதுமக்களைப் போய்ச் சேர்ந்ததுக்கு நான் கண்ட ஒரே சாட்சி அதுதான்.

மாப்பிள்ளை: அறுந்தா ஒட்டணும் மாமா. அதுக்காகக் கேபிளே வேணாம்பீங்களா? நாடு முழுக்க ரெண்டு லட்சத்துக்கு மேல பஞ்சாயத்து 'சர்வீஸ் ரெடி'ன்னு கணக்கு இருக்கு.

மாமா: அந்த ரெண்டு லட்சத்துல நம்ம சிவப்பு விளக்கும் ஒண்ணு.

மாப்பிள்ளை: சரி, உங்க தனியார் லைன் ஏன் காலையிலேர்ந்து படுத்துக் கிடக்கு?

மாமா: (குரலைத் தாழ்த்தி) போன் பண்ணினேன். புகாரை ஆப்ல பதிவு பண்ணுங்கன்னு ஒரு பொண்ணு டேப்ல சொல்லுது. நெட் இல்லைங்கிறதை நெட்லதான் சொல்லணுமாம்.

மாப்பிள்ளை: ஆகா, போட்டிச் சந்தையோட சுறுசுறுப்பே தனி!

மாமா: குத்திக் காட்டாதீங்க மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: அப்ப நேராவே கேக்கறேன். ரேஷன் கடையில கைரேகை, நூறு நாள் வேலையில தினம் ரெண்டு தடவை போட்டோ, பட்டா சிட்டா, சாதிச் சான்றிதழ், இதோ உங்க உசுரு. எல்லாத்தையும் ஆன்லைன்ல கொண்டு வெச்சது யாரு? சர்க்கார். வழியைப் பூரா அங்கே திருப்பி விட்டுட்டு, ரோடு மட்டும் நீயே போட்டுக்கோன்னா அது நியாயமா?

மாமா: (சற்று யோசித்து) இது ஆடிட்ல நிக்கிற பாயின்ட். ஒத்துக்கறேன். ஆனா நடத்தத் தெரியணுமே! 2012-ல இதுக்குன்னே பிபிஎன்எல்னு தனிக் கம்பெனி. பத்து வருஷம் கழிச்சு, அதை பிஎஸ்என்எல்லோட சேர்க்க முடிவு. அந்த பிஎஸ்என்எல்லைத் தூக்கி நிறுத்தறதுக்கு அதே சமயம் 1.64 லட்சம் கோடிக்கு ஒரு தொகுப்பு. நம்ம மாநிலத்துக் கதை தனி. 12,525 ஊராட்சிக்கு லைன் இழுக்க டெண்டர் விட்டு, 2020-ல மத்திய சர்க்கார் சொல்லி அதை ரத்து பண்ணி, மறுபடி முதல்லேர்ந்து.

மாப்பிள்ளை: அதுக்காகக் கையைக் குறுக்கினா மட்டும் மிச்சமாகுமா? ஆஸ்திரேலியாவைப் பாருங்க. 2009-ல 4,300 கோடி டாலர் மதிப்பீடு, 90 சதவீத வீடு, கடைக்கு நேரா ஃபைபர்னாங்க. 2013-ல வந்த புது ஆட்சி, செலவு ஜாஸ்தி, பல இடத்துல தெருமுனை வரைக்கும் ஃபைபர் போதும், அங்கேர்ந்து பழைய தாமிரக் கம்பியே ஓடட்டும்னுது. 2020-ல அதே கூட்டணி ஆட்சியிலயே, வீட்டுக்கு ஃபைபர் இழுக்கற வேலையை மறுபடி கையில எடுத்தாங்க. குறைச்சு முடிக்கப் பார்த்த வேலை ரெட்டை வேலையாச்சு.

மாமா: அவங்க தெருமுனையில நிறுத்தினாங்க. நாம பூட்டின அறையில நிறுத்தியிருக்கோம். மாப்பிள்ளை, இப்பத்தான் எனக்குப் பிடிபடுது. நான் கோடியைச் சொல்லித் திட்டறேன், நீங்க கிலோமீட்டரைச் சொல்லிப் பாராட்டறீங்க. ரெண்டும் ஒரே ரிஜிஸ்டர்தான். எவ்வளவு தோண்டினான், எவ்வளவு தொங்கவிட்டான், எவ்வளவு பில் பாஸ் ஆச்சு, எல்லாத்துக்கும் அதுல கட்டம் இருக்கு. நேத்து லைன் எத்தனை மணி நேரம் ஓடிச்சு, எத்தனை பேர் உபயோகப்படுத்தினாங்கன்னு எழுத ஒரு கட்டம் இல்லை.

மாப்பிள்ளை: அதைத்தான் மாமா நானும் சொல்றேன்!

மாமா: நீங்க சொல்லலை. ஆனா சொன்னதா வெச்சுக்குவோம், வீட்டுல சண்டை வேணாம். கேபிளோட நீளத்தைப் பார்த்துக் காசு கொடுத்தா கேபிள் நீளும். லைன் ஓடற நேரத்தைப் பார்த்துக் கொடுத்து, நின்னா அன்னைக்கே பிடிச்சா, அறுந்ததை ஒட்ட ஆள் தானா வருவான். சர்க்காரா இருந்தாலும் சரி, தனியாரா இருந்தாலும் சரி. அந்தப் பேப்பரை இப்படிக் கொடுங்க.

மாப்பிள்ளை: எதுக்கு? முதல்வருக்கு மனுவா?

மாமா: ஜனவரி 26 கிராம சபைக்குத் தீர்மானம். ஒண்ணு: பெட்டி இருக்கிற அறையோட சாவிக்குப் பொறுப்பு யாரு, கரண்ட் பில்லுக்குப் பொறுப்பு யாருன்னு பேரை எழுதி மாட்டணும். ரெண்டு: நேத்து லைன் எத்தனை மணி நேரம் இருந்துதுன்னு தினமும் காலையில ஆபீஸ் வாசல் கரும்பலகையில சாக்பீஸ்ல எழுதணும்.

மாப்பிள்ளை: டிஜிட்டல் இந்தியாவை சாக்பீஸ்ல ஆடிட் பண்ணப் போறீங்களா மாமா?

மாமா: ஆமா மாப்பிள்ளை. சாக்பீசுக்கு ரெண்டாம் கட்டம், மூணாம் கட்டம்னு எஸ்டிமேட் ஏறாது.