தேவரீருக்கு ஒரு மெய்க்கீர்த்தி

ஸ்ரீமத் அரசு ரகசியச் சட்ட மகாப் பிரபுவே! 1923-இல் வெள்ளைக்காரத் துரைமார் திருவாய்மலர அவதரித்து, அவர்கள் கப்பலேறிப் போன பின்னும் இந்த மண்மேல் கொண்ட வாஞ்சையால் இங்கேயே தங்கிவிட்ட தேவரீரின் திருவடிகளுக்கு நாகர்கோவில் குடிமகனின் சாஷ்டாங்க தண்டம். 2006-இல் இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் தேவரீரை நீக்கிவிடலாம் என்று பரிந்துரைத்தது. பெரியவரை வீட்டைவிட்டுப் போகச் சொல்ல எப்படித்தான் நாக்கு எழுந்ததோ! நல்லவேளை, டெல்லியில் எந்தக் கட்சி ஆண்டாலும் அந்தப் பாவத்துக்குத் துணியவில்லை.

தேவரீரின் திருமேனி அழகை என்னென்பது! ரகசியம் என்றால் எது என்று தேவரீர் எங்குமே வரையறுத்தருளவில்லை. ஆதலால் சர்க்கார் எதை ரகசியம் என்கிறதோ அதுவே ரகசியம். சொன்னவரோடு, ஏடு எழுதுவதற்காகக் கேட்டு வாங்கியவரையும் ஐந்தாம் பிரிவு ஒரே அன்போடு அணைத்துக்கொள்ளும். மூன்றாம் பிரிவோ கருணையின் சிகரம். கெட்ட எண்ணத்தைக் காட்டும் செயல் இன்னதென்று எதையும் நிரூபிக்க வேண்டாம். சூழ்நிலையும், நடத்தையும், ஆள் இப்படிப்பட்டவர் என்ற பேரும் போதும். சாட்சி தேடி அலையும் சிரமத்தைக் காவல்துறைக்கு வைக்காத தாயுள்ளம் வேறு எந்தச் சட்டத்துக்கு வாய்த்தது?

எங்கள் ஊர்மேல் தேவரீருக்குத் தனிப் பிரியம். 1941-இல் நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன், ராக்கெட்டுக்குத் திரவ எரிபொருள் எஞ்சின் வேண்டும் என்று இஸ்ரோவில் மன்றாடி, விகாஸ் எஞ்சினை ஆக்கித் தந்த குழுவை நடத்தியவர். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், மகேந்திரகிரியில் எஞ்சின்களைச் சோதித்துக்கொண்டிருந்த கூட்டத்தைச் சேர்ந்தவர். 1994 நவம்பர் 30 அன்று திருவனந்தபுரத்தில் தேவரீரின் திருக்கரம் அவர்மேல் விழுந்தது. கிரையோஜெனிக் எஞ்சின் ரகசியத்தை மாலத்தீவுப் பெண்கள் வழியாகப் பாகிஸ்தானுக்கு விற்றார் என்பது குற்றச்சாட்டு. அந்த எஞ்சின் அன்று இந்தியாவிடமே கிடையாது. நாமே செய்த கிரையோஜெனிக் எஞ்சினோடு ஜிஎஸ்எல்வி முதன்முதலாக வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரியில். பிறக்காத பிள்ளை களவுபோனதை 20 ஆண்டு முன்னரே கண்டுணர்ந்த ஞானதிருஷ்டிக்கு முன் எங்கள் ஊர் ஜோசியர்கள் எம்மாத்திரம்!

உபசாரத்தில்தான் என்ன குறை? 50 நாள் காவலில் வைத்துப் போற்றினார்கள். உட்கார நாற்காலி தராமல், மயங்கிச் சரியும்வரை நிற்கவைத்தே கேள்வி கேட்டார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். அறிஞர் ஒருவரை நின்று வணங்குவது உலக வழக்கம். அறிஞரையே நிற்கவைத்து வணங்கும் நெறியைத் தேவரீரின் அடியார்கள் அல்லவா கண்டார்கள்! விசாரணை அறையில் பேசியதாகச் சொல்லப்பட்ட கதைகள் மறுநாள் பத்திரிகைகளில் பல்லாங்குழிச் சோழியாய்ச் சிதறியபோது, ரகசியத்தின் காவலராகிய தேவரீர் அந்தக் கசிவுக்கு மட்டும் திருக்கண் மூடிக்கொண்ட பெருந்தன்மையையும் சொல்லாமல் விட முடியாது.

எங்கள் சுசீந்திரத்தில் முன்பு கைமுக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. பழி சுமந்தவன் கொதிக்கும் நெய்யில் கை விடவேண்டும். வெந்தால் குற்றவாளி, வேகாவிட்டால் உத்தமன். கொடுமை என்று சுவாதித் திருநாள் மகாராஜா அதை நிறுத்திவிட்டார். பாவம், கைமுக்குக்குப் பொறுமை போதாது. சில நாளிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடும். தேவரீரின் நெய்யோ அவ்வளவு சீக்கிரம் ஆறுவதில்லை. வழக்கில் ஒன்றுமில்லை என்று 1996-இல் சிபிஐ சொன்னது. 1998-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அநாவசியக் கைது, மனக்கொடுமை என்று கூறி அதே நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது 2018 செப்டம்பர் 14 அன்று. 53 வயதை எட்டவிருந்தவரைப் பிடித்து, 77-ஐ நெருங்கும்போது விடுவித்த நிதானம்! ராக்கெட் விடவேண்டிய வயது முழுவதையும் கோர்ட் வராந்தாவுக்கு நேர்ந்துகொண்ட பக்தி!

பத்திரிகைக்காரர்களையும் தேவரீர் மறந்தவரல்லர். 2002 ஜூனில் டெல்லியில் இஃப்திகார் கிலானி என்ற செய்தியாளரைத் திகார் சிறைக்கு அழைத்து, ஏழு மாதம் விருந்தோம்பினீர். அவரிடம் இருந்தது எவரும் படிக்கும்படி வெளியாகியிருந்த கட்டுரை. ஊரறிந்ததையும் ரகசியமாக்கும் இந்த ரசவாதம் சித்தர்களுக்கும் கைகூடாதது.

நம்பியோடு அதே வழக்கில் சிக்கியவர் கே. சந்திரசேகர், ரஷ்ய நிறுவனம் கிளாவ்கோஸ்மோஸின் இந்தியப் பிரதிநிதி. 2018-இல் தீர்ப்பு வந்த நாளில் அவர் பெங்களூரு மருத்துவமனையில் நினைவிழந்து கிடந்தார். கண் திறக்கவே இல்லை. இரண்டு நாளில் போய்விட்டார். 24 ஆண்டு அவர் காத்திருந்த அந்த ஒரு செய்தியை, பிரபுவே, அவர் காதில் மட்டும் விழாமல் காத்தருளினீர்.