கரண்டில் காயும் வடகம்

அன்புள்ள அக்காவுக்கு,

வாலிகண்டபுரத்தில் வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று போனில் புலம்பினாய். இங்கே சாக்ரமெண்டோவிலும் கோடையில் 40 டிகிரி சர்வசாதாரணம். ஆனால் அதை யாரும் பயன்படுத்துவதில்லை. பக்கத்து வீட்டம்மாள் கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு, உள்ளே ஒரு மின்சாரப் பெட்டியில் ரொட்டி காயவைக்கிறார். ஆமாம், சுடுவதில்லை, காயவைக்கிறார்.

பெட்டிக்குள் தட்டுத் தட்டாக அடுக்கு. பின்னால் ஹீட்டரும் ஃபேனும். சூடு 48 டிகிரியைத் தாண்டக் கூடாதாம். தாண்டினால் நொதிகள் செத்து, சாப்பாட்டின் உயிரே போய்விடுமாம். வயிற்று அமிலத்தில் விழுந்த பிறகு அந்த நொதிகள் என்ன கதி ஆகும் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. சாப்பிடக் கூப்பிட்ட வீடாயிற்றே, அடக்கிக்கொண்டேன்.

பெரிய வெங்காயத்தைக் கொரகொரப்பாக அரைத்து, சூரியகாந்தி விதைப் பொடி, ஆளி விதைப் பொடி, ஆலிவ் எண்ணெய், சோயா சாஸ் விட்டுப் பிசைகிறார். ஈரம் பட்டதும் ஆளி விதை வெண்டைக்காய் மாதிரி கொழகொழத்து எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. ஒட்டாத தாளில் மெல்லிசாகத் தடவி உள்ளே தள்ளினால் ராத்திரி முழுக்க ‘ஙொய்ய்’ என்று சத்தம். நடுவில் ஒரு தடவை திருப்பிப் போட்டுத் தாளை உரிக்க வேண்டும். “எப்போது சாப்பிடலாம்?” என்றேன். “நாளை மத்தியானம்” என்றார்!

வாசனை வந்ததும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. நம் தாளிப்பு வடகமேதான் அக்கா! சின்ன வெங்காயத்தை இடித்து, பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம் சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி மாடியில் போடுவாயே, அதுவும் காய்கிறவரை அடுப்பைப் பார்க்காததுதானே? சாயங்காலம் அள்ளிப் பிசைந்து மறுநாள் திரும்ப உருட்டுவாய். இவர் திருப்பிப் போடுகிறார். காக்காய் விரட்ட வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லாததால் மிஷின் வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

ருசி மோசமில்லை. ஆனால் கடிக்கும்போதெல்லாம், இதைக் கிள்ளி எண்ணெயில் பொரித்து வத்தக்குழம்பில் போட்டால் எப்படி இருக்கும் என்றே மனசு போனது.

காந்தியே பச்சையாகச் சாப்பிட்டார் என்று பக்கத்து வீட்டம்மாளுக்குப் பெருமை வேறு. 1929இல் முளைகட்டிய கோதுமையும் தேங்காயுமாக அவர் சோதித்துப் பார்த்தது வாஸ்தவம். வயிற்றுக்கடுப்பு வந்து நிறுத்திய மிச்சக் கதையை நான் எடுத்துவிடவில்லை. இன்னொரு துண்டு கையில் இருந்தது.

மாமா வரும்போது வடகம் ஒரு டப்பா கட்டாயம் கொடுத்தனுப்பு. ஏர்போர்ட்டில் என்னவென்று கேட்டால் ‘சுடாத வெங்காய ரொட்டி’ என்று சொல்லச் சொல். இந்த ஊர்க்காரர்களுக்குப் புரியும், மரியாதையும் கிடைக்கும்.

இப்படிக்கு,
உன் தம்பி